எர்மின்சுல் வெளுக்கவைத்த முகங்கள்

கிப்தோ நகரில் எர்மின்சுலின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில்தான் நான் மீன் பொரித்து விற்கிறேன். பத்தொன்பது வருஷமாக அவன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எல்லாரும் கருப்பு. ஆனால் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு வெள்ளை கவுனில் வந்து நிற்கும் பெண்ணைக் கருப்பாகக் காட்டினால், அவள் அம்மா படத்தை வாங்கமாட்டாள்.

கேமராவை அதன் போக்கில் விட்டால் கவுனின் வெள்ளையைக் கண்டு மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரிக்கட்டையாகிவிடும். அதனால் வெளிச்சத்தை ஒன்றரைப் படி ஏற்றினான். அது நியாயம். அதோடு விட்டானா? தோலை வழவழப்பாக்கி வெளுக்கும் திருத்தத்தையும் போட்டு, வெளிச்சத் திருகு நகராதபடி டேப் ஒட்டிவிட்டான். மூன்று கேமரா மாறியது, டேப் மாறவில்லை. படம் கேமராவுக்குள்ளேயே திருத்தப்பட்டுத்தான் வரும். திருத்தாத படம் என்று ஒன்று அவனிடம் கிடையாது.

போன மாதம் நிகோலாசா மழையில் நனைந்துகொண்டு வந்தாள். அவள் மகள் யெய்லினுக்கு எர்மின்சுல்தான் ஞானத்தகப்பன். அந்த முறையில் அவனை கொம்பாத்ரே என்பாள். வீட்டுவேலைக்கு மெதெயின் நகருக்குப் போன யெய்லினிடமிருந்து பன்னிரண்டு நாளாகத் தகவல் இல்லை. நிகோலாசாவின் தம்பி அங்கே பஸ் நிலையத்தில், காணவில்லை என்று, எர்மின்சுல் எடுத்த பிறந்தநாள் படத்தை ஒட்டியிருந்தான். வேறு படம் ஏது? செல்போனில் எடுத்ததையெல்லாம், கருப்பாக வருகிறதென்று அந்தப் பெண்ணே அழித்துவிடுவாள்.

“காபி விக்கிறவ சொல்றாளாம், இந்த வெளுத்த பொண்ண நான் பாக்கலை, தாடையில தழும்போட ஒரு கருப்புப் பொண்ணு ரெண்டு நாள் இங்க உக்காந்து அழுதுச்சுன்னு. போஸ்டரப் பாத்துக்கிட்டே சொல்றா, கொம்பாத்ரே! எம்மவ தழும்பு எங்க?”

எர்மின்சுல் கணினியில் படத்தை இருட்டாக்கிப் பார்த்தான். முகம் சாம்பல் பூசியதுபோல் ஆனது. தழும்பு வரவேயில்லை.

“அழிச்சத எங்கேருந்து கொண்டாருவேன்?” என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. என் மகளையும் அப்படித்தான் எடுக்கச் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

“ஏன்டா, மக அம்மாவ உரிச்சு வச்சவதானே? இவள எடு. மகளும் இதே அச்சு, தாடையில தழும்புன்னு கீழ எழுதிப் போடு” என்றேன்.

அவன் டேப்பைப் பிய்த்தான். திருத்தத்தை அணைத்தான். பின்சுவரின் வெள்ளை ஏமாற்றிவிடாமல் அவள் கன்னத்தைக் குறிவைத்து வெளிச்சத்தை அளந்தான்.

திரையில் நிகோலாசா இருந்தபடியே இருந்தாள். வயதை மட்டும் குறைத்தால் யெய்லின்தான். எனக்கு அழுகை வந்தது. நிகோலாசா கிட்டே போய்ப் பார்த்தாள். ஈரக் கையால் தன் கன்னத்தைத் துடைத்தாள்.

“ஐயோ, இம்புட்டுக் கருப்பாவா இருக்கேன்? ஊரு முச்சூடும் ஒட்டப் போறீங்க. கொஞ்சமே கொஞ்சம் வெளுப்பாக்கு, கொம்பாத்ரே.”

எர்மின்சுல் என்னைப் பார்த்தான். நான் என் மீன் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அவன் விரல் வெளுக்கும் திருத்தத்தின் பொத்தானுக்கே மறுபடி போனது.