ஏரி நடுவில் கரண்ட் போகும்

அந்த விளையாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவன், மூன்றாவது பாகம்தான் உண்மையிலேயே நல்ல பாகம் என்று வகுப்பெடுப்பான். இன்னொருவன், பொம்பளைப் பிள்ளை கேம் ஆடுமா என்று பல்லைக் காட்டுவான். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அந்த வரிசையில் பின்னால் வந்த எல்லாப் பாகங்களையும் ஆடியிருக்கிறேன். முதல் பாகத்தை மட்டும் தேடவில்லை. அதைத்தான் சின்ன வயதிலேயே ஆடி முடித்துவிட்டோமே என்ற நினைப்பு. இந்த வருஷம் அதே முதல் பாகத்தைப் புதுசாக மெருகேற்றி விட்டிருக்கிறார்கள். சும்மா பார்ப்போம் என்று வாங்கினேன். வாங்கின கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. திண்டுக்கல்லில் மொட்டை மாடியில் ஏறினால் மலைக்கோட்டைப் பாறை தெரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, படிப்பை முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். தாத்தா இறந்துவிட்டதால் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. சித்தி பி.ஏ. இங்கிலீஷ். அதை வைத்து அவள் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

துபாயில் இருந்த மாமா, அதாவது அத்தையின் கணவர், லீவுக்கு வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். யாரோ ஊருக்குத் திரும்புகிறவன் சல்லிசாக விற்றுவிட்டுப் போன சாமான். டி.வி.யில் மாட்டினால் விளையாட்டு வரும் என்றார். உள்ளே ஒரே ஒரு சிடி இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு நீளமான ஓட்டைகள் இருந்தன. எறும்பு போகும், பல்லி முட்டை வைக்கும் என்று அம்மா அவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அது மெமரி கார்டு போடுகிற இடம், அந்தக் கார்டைப் போட்டால்தான் ஆடின இடத்திலிருந்து மறுபடி தொடர முடியும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. "இது அப்புடித்தேன். தெனமும் மொதல்ல இருந்து ஆடணும். அப்பத்தான் கை பழகும்" என்றார். நாங்களும் நம்பினோம்.

விளையாட்டு இதுதான். ஒரு ஊர். அந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரு காலையில் காணாமல் போய்விடுகிறது. மணல் மட்டும் கிடக்கிறது. ஆறு எங்கே போனது என்று பார்த்துவர ஒரு பெண் கிளம்புகிறாள். தோளில் ஒரு கயிற்றுச் சுருள், இடுப்பில் ஒரு வெண்கல மணி. காய்ந்த ஆற்றின் வழியாகவே நடந்துபோவாள். வழியில் பாறை வரும், இடிந்த பாலம் வரும், ஓநாய் வரும். எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு காடு. காட்டுக்குள்ளே ஒரு ஏரி.

அந்த ஏரியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று எவனுக்கும் தெரியாது. லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், முன்னே நிற்கிறவளோடு சண்டை போட வேண்டும். நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் வீட்டு சிமெண்டுத் தொட்டிதான். திடீரென்று டி.வி. முழுக்கத் தண்ணீர். ஓரம் இல்லாத தண்ணீர். அதன் மேல் பால் மாதிரி மூடுபனி. மணியை அடித்தால் நாணலுக்குள்ளிருந்து வெள்ளைப் பறவைகள் கிளம்பிப் பனிக்குள் போகும். அவை போகிற திசையில்தான் படகை ஓட்ட வேண்டும். மற்ற எல்லாப் பொத்தானும் சித்திக்கு, மணி அடிக்கிற பொத்தான் மட்டும் எனக்கு. ஒரே ரிமோட்டை இரண்டு பேரும் பிடித்துக்கொள்வோம். நான் அடிப்பேன். டங் என்று ஒரு சத்தம் தண்ணீர் மேல் வெகுதூரம் போகும். பறவைகள் எழும்பும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே போய்ச் சேருகிற நேரத்துக்குக் கரண்ட் போகும்.

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் கரண்ட் இருந்தது என்று சொல்வதே தப்பு. வந்து வந்து போனது. ஏரி நடுவில் படகு இருக்கும், பறவைகள் இப்போதுதான் கிளம்பியிருக்கும், பட்டென்று எல்லாம் கறுத்துவிடும். நான் வாயில் வந்ததைச் சொல்லி வைவேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த வசவெல்லாம் லாரித் தண்ணீர் வரிசையில் கற்றுக்கொண்டவை. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள். சித்தி என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

மாடியில் உட்கார்ந்து பாறையைப் பார்த்துக்கொண்டிருப்போம். வெயில் இறங்கும்போது அது மெல்ல ஊதா நிறமாகும். அந்தப் பக்கம் சிறுமலை புகை மாதிரி நிற்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நடுவில் இருக்கிற ஊரெல்லாம் மறைந்து தண்ணீராகிவிடும்.

"அக்கரையில என்ன சித்தி இருக்கும்?"

"என்னமாச்சும் இருக்கும். இல்லாமலா இம்புட்டுத் தண்ணிய வச்சிருக்கான்?"

ஒருநாள் ஒரு பெரிய பட்டணம் இருக்கும் என்பாள், இன்னொருநாள் ஆறு அங்கே ஒளிந்து உட்கார்ந்திருக்கும் என்பாள். கரண்ட் வந்ததும் கீழே ஓடி மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

விளையாட்டில் பேசுகிறவர்களுடைய பேச்செல்லாம் கீழே இங்கிலீஷில் எழுத்தாக ஓடும். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அதற்குள் ஓடிவிடும். சித்திதான் படித்துச் சொல்வாள். படகுக்காரக் கிழவன் எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசினான்: "ஏத்தா, ஒத்தையில எங்கிட்டுப் போற? சாப்டியா? வெஞ்சனம் ஒண்ணுமில்ல, கஞ்சிதேன் இருக்கு." நம்ம புள்ள, அதாவது கதாநாயகி (நாங்கள் அவளை அப்படித்தான் சொல்வோம்), பதிலுக்கு, "கஞ்சிய நீயே குடி. படகக் குடுய்யா, செத்த நேரத்துல தந்துர்றேன்" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இந்த வருஷம் ஆடியபோது பார்த்தேன், அந்தக் கிழவன் இரண்டே வார்த்தைதான் பேசுகிறான். நீர் ஆழம் என்கிறான். கஞ்சியெல்லாம் சித்தி ஊற்றியது.

இதற்கு நடுவில் சித்தியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். செம்பட்டியிலிருந்து ஒருவன் வந்தான், சித்தி வேண்டாம் என்றாள். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தவர்கள் பெண் கறுப்பு என்று பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சொல்லியனுப்பினார்கள். தின்பதற்கு முன்னால் கண் தெரியவில்லை போலிருக்கிறது. வீட்டில் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் அம்மா, "ஒனக்கு என்னதான்டி வேணும்?" என்று கத்தினாள். சித்தி டி.வி.யைக் காட்டி, "அந்தக் கரையப் பாக்காம எவனுக்கும் கழுத்த நீட்ட மாட்டேன், போ" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அது சட்டம் மாதிரி மனதில் பதிந்துவிட்டது. முதலில் கரை, பிறகு கல்யாணம். கல்யாணம் என்றால் எனக்குப் புதுப் பாவாடை. ஆகவே கரைக்குப் போயே ஆக வேண்டும்.

வத்தலக்குண்டிலிருந்து ஒரு வீட்டார் வருவதாக நாள் குறித்தார்கள். பையனுக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஹார்டுவேர் கடை. அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஊருக்கு ஒரு பெரிய அரசியல் தலைவர் கூட்டம் பேச வந்தார். அவருக்கு வேர்க்கக்கூடாது என்பதற்காக ஊருக்கே நாள் முழுக்கக் கரண்ட் விட்டார்கள். இத்தனை நாள் இல்லாத கரண்ட் ஒருவருக்காக எங்கிருந்து வந்தது என்று எவனும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சித்தி சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைப் போட்டாள். கரண்ட் போகவே இல்லை. பாலம் தாண்டியது. ஓநாய் தாண்டியது. கிழவனிடம் படகை வாங்கி ஏரிக்குள் இறங்கினோம். வழக்கமாகக் கறுத்துப்போகிற இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தண்ணீர் இன்னும் இருந்தது. நாங்கள் அதுவரை போகாத தண்ணீர்.

அந்த நேரம் வாசலில் கார் வந்து நின்றது. அம்மா ஓடிவந்து சித்தியைப் பிடித்து இழுத்தாள். சித்தி ஒரு பொத்தானை அமுக்கிப் படகை அப்படியே நிறுத்திவிட்டு என் கையில் ரிமோட்டைத் திணித்தாள்.

"யார் வந்தாலும் அமத்த விட்ராத. சரியா?"

"சரி சித்தி."

நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து அசையாத ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு துளி தண்ணீர் துடுப்பிலிருந்து விழாமல் தொங்கியது. வெளி அறையில் பேச்சுச் சத்தம், தம்ளர் சத்தம். எனக்கு அந்த வீடு தூரத்தில் எங்கேயோ இருப்பது மாதிரியும், நான் மட்டும் படகில் இருப்பது மாதிரியும் இருந்தது.

அப்பா வந்தார். வெளி அறை ஃபேன் சும்மா பேருக்குச் சுற்றுகிற ஃபேன். டேபிள் ஃபேன் போட வேண்டும், அதற்கு டி.வி.க்கு மாட்டியிருந்த ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும்.

"எந்திரி புள்ள. பெரியவங்களுக்கு வேர்த்து ஊத்துது."

"தர மாட்டேன். சித்தி சொல்லுச்சு."

"சித்தியப் பாக்கத்தான்டி வந்துருக்காங்க! எந்திரி."

நான் ஜங்ஷன் பாக்ஸின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அப்பா காலைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். அவர் வலியை விழுங்கிக்கொண்டு வெளியே போய், "பாப்பா படிச்சுட்டு இருக்கா" என்று சொன்னது கேட்டது. "படிக்கட்டும், படிக்கட்டும். பொண்ணு எங்கங்க? இங்க நாங்க அவிஞ்சுட்டு இருக்கோம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. யாரோ சிரித்தார்கள்.

சித்தி உள்ளே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கொசுவத்தில் ஊக்கு விட்டுப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கதவைச் சாத்தி, புடவையோடு தரையில் உட்கார்ந்து, ரிமோட்டில் என் கைக்கு மேல் கையை வைத்தாள்.

"அடி மணிய."

அடித்தேன். பறவைகள் நகர்ந்தன. தொங்கின துளி விழுந்தது. படகு போனது. பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது. கறுப்பாக ஒரு கோடு தெரிந்து, கோடு கரையாகி, கரையில் மரங்கள் வந்தன. நம்ம புள்ள படகிலிருந்து குதித்து ஈர மண்ணில் நின்றாள். இசை நின்றுவிட்டது. திரையில் பெரிய எழுத்தில் ஏதோ வந்தது, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சொல்.

இந்த வருஷம்தான் அந்தத் திரையை இரண்டாம் முறை பார்த்தேன். பெரிய எழுத்தில் இருப்பது விளையாட்டின் பெயர். அங்கேதான் முதன்முதலாக அதன் பெயரையே போடுகிறார்கள். அதுவரை வந்ததெல்லாம் முன்கதை. கீழே இருக்கிற வரி, உன் பயணம் இங்கே தொடங்குகிறது, போகிறாயா என்று கேட்கிறது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும். ஆம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஆடியும் முடியவில்லை, அத்தனை நாடு இருக்கிறது அந்தப் பக்கம். சித்திக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் வத்தலக்குண்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். சித்தப்பா கெட்ட மனுஷர் இல்லை. கடைக் கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். "எந்த கேமுடி? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். பொய். எனக்குப் பொய் சொல்கிற குரல் தெரியும்.

அன்றைக்கு அவள் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே அம்மா, "ஏ, வாடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவது கேட்டது.

"என்ன சித்தி போட்டிருக்கு?" என்று நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"முடிஞ்சிருச்சாம்."

"ஆறு?"

"கெடச்சிருச்சாம். ஊருல எல்லாருக்கும் தண்ணி வந்துருச்சாம். நம்ம புள்ளைய ரொம்ப நல்ல புள்ளைன்னு போட்டிருக்கான்."

இரண்டு சொல்லில் கீழே இருந்ததை அமுக்கினாள். திரை கறுத்தது. பிளக்கை அவளே பிடுங்கி, வயரைச் சுற்றி ஜங்ஷன் பாக்ஸை என் கையில் கொடுத்து, "அப்பாட்ட குடு" என்றாள்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளி அறைக்கு ஓடினேன். அங்கே பெரியவர்கள் எதையோ பேச ஆரம்பித்து, யார் முதலில் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்த நேரம். நான் நடுவில் போய் நின்று, "நம்ம ஜெயிச்சுட்டோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் கை வைத்து, "பாத்தீங்களா, புள்ள வாயாலயே வந்துருச்சு! இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்? பேசி முடிச்சுருவோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா, நான் கடித்த கையாலேயே என் தலையைத் தடவினார். டேபிள் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சித்தி காபித் தட்டோடு வெளி அறைக்கு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தாள். யாரோ என் வாயில் முழு லட்டைத் திணித்தார்கள். அதை மென்றுகொண்டே, இவர்கள் கிளம்பினதும் நாளைக்கு நாம் எந்த விளையாட்டை ஆடுவது என்று சித்தியிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.