எட்டு வாக் ஓவரும் ஒரு தோல்வியும்

அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது ஒரு ஜனவரிக் காலையில். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். டெல்லி லோதி ரோட்டு மரங்களில் பாதியைக் காணவில்லை. எங்கள் டிபார்ட்மென்ட்டின் ஹெவிவெயிட் பாக்ஸர் குழந்தைவேலு விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவரையே டீமுக்குக் கோச்சாகப் போடலாமா என்பதுதான் ஃபைலில் இருந்த விஷயம். ஓரத்தில் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சோப்ரா சாகிப் பச்சை மையில் கேட்டிருந்தார்: "இவர் உண்மையில் சாம்பியன்தானா? ரெக்கார்டைப் பார்த்து நோட் போடவும்."

நோட் போட வேண்டியவன் நான். வார நாட்களில் யூ.டி.சி. குமாஸ்தா. டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையிலான பாக்ஸிங் போட்டி நடக்கும் நாட்களில் டைம்கீப்பர். ஸ்டாப்வாட்சும் காங் என்கிற வெண்கல மணியும் என் பொறுப்பு. ஒரு அடிகூட வாங்காமல் பாக்ஸிங்கில் காலம் தள்ளிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குழந்தைவேலுவுக்கு விழுப்புரம் பக்கம். எங்கள் ஆபீஸில் ஃபைல்களைத் தைத்து அடுக்கும் தஃப்தரி. ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பில், சாக்கடையை ஒட்டி வீடு. மழைக்காலம் வந்தால் அவர் மனைவி அரிசி டின்னைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவார். கோச் வேலை கிடைத்தால் சரோஜினி நகரில் அரசு குவார்ட்டர்ஸ் வீடு உண்டு. இரண்டு பெண் பிள்ளைகள். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்கு மேலும் ஒன்று தெரியும், அதுதான் பிரச்சினை.

1. தராசு

எழுபதுகளின் நடுவில் முதல் போட்டி. எடை பார்க்கும் அறையில் குழந்தைவேலு ஏறி நின்றார்.

"எம்பதுதான் சார் காட்டுது."

எண்பத்தொன்று கிலோ வரை லைட் ஹெவி, அதற்கு மேல் ஹெவி. அந்தப் பிரிவில் எங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஒரு பிரிவுக்கு ஒரு ஆள்தான். ஹெவிவெயிட்டோ காலி. டெல்லி ஆபீஸ்களில் அந்த எடையில் நாற்காலியை நிறைக்கிறவர்கள் உண்டு, க்ளவுஸ் போடுகிறவர்கள் கிடையாது. பேருக்கு யாரையாவது எழுதிவைப்பார்கள், அன்றைக்கு அவர் வரமாட்டார். எதிராளி வராமல் வாக் ஓவரில் ஜெயித்தாலும் டீம் டிராஃபிக்குப் பாயிண்ட் முழுசாக வரும். என் திருநெல்வேலி மூளை வேலை செய்தது.

"எண்பத்தொண்ணத் தாண்டணும்வே. அந்தக் குழாயில வயித்த முட்டத் தண்ணியக் குடியும். இந்தா, வாழப்பழம்."

"லைட் ஹெவியில எனக்கு நல்லா ஆட வரும் சார். அடுத்த வருஷம் எறங்கிக்கறன்."

"இப்ப ஏறும்."

ஏறினார். எண்பத்தொன்றரை. எல்லோரும் வேர்த்து எடையைக் குறைத்துக்கொண்டிருந்த அறையில் இந்த மனிதர் மட்டும் தண்ணீர் குடித்துக் கனத்தார். டிராஃபி எங்களுக்கு வந்தது. அதன்பின் அவரை இறங்க விட்டது யார்? எட்டு வருஷம் அதே குழாய், அதே தண்ணீர்.

2. மூன்று நிமிடம்

எதிராளி வராவிட்டாலும் முறை என்று ஒன்று உண்டு. வந்தவர் க்ளவுஸ் கட்டிக்கொண்டு ரிங்கில் ஏற வேண்டும். மைக்கில் வராதவர் பெயரை அழைப்பார்கள். நான் காங்கை அடித்து வாட்சை அழுத்துவேன். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு ரெஃப்ரி வந்தவரின் கையைத் தூக்குவார்.

அந்த மூன்று நிமிடத்தில் கூட்டம் சாய் குடிக்கப் போய்விடும். மேலே கண்ணாடி ஜன்னல் வழியாகக் குளிர்கால வெயில் சாய்ந்து விழும். தகரக் கூரையில் புறாக்கள் முனகும். அந்த வெளிச்சத்தில் தூசி மெல்ல இறங்க, நடுவில் குழந்தைவேலு தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருப்பார். தோள் சரியும், தலை விலகும், கால் தூக்கத்தில் நடக்கிறவர் கால் மாதிரி ஓசையில்லாமல் பின்வாங்கும். சில சமயம் அடி பட்டவர்போல் முகம் சுளிப்பார். பார்க்கப் பார்க்க எனக்கும் எதிரே ஓர் ஆள் தெரிகிற மாதிரி இருக்கும். ஒரு வருஷம் வாட்சையே மறந்துவிட்டேன். நாலு நிமிடம் ஆகப்போகிறது. "டைம்கீப்பர் சாப், சோ கயே கியா?" என்று, தூங்கிவிட்டீரா என, ரெஃப்ரி கத்திய பிறகுதான் விழித்தேன்.

அன்று அவர் இறங்கியதும் கேட்டேன்.

"எதுத்தாப்புல யாருவே?"

"ஒருத்தன் வருவான் சார். மொகம் தெரியல. வருஷா வருஷம் அவனேதான் வர்றான்."

"செயிச்சீரா?"

"இந்த வாட்டி தோத்துட்டன் சார்."

கையில் சாம்பியன் கப். சிரிக்காமல்தான் சொன்னார்.

3. வந்துவிட்ட ஆள்

ஒன்பதாவது வருஷம் நிஜமாகவே ஒருவன் வந்துவிட்டான். வேறு டிபார்ட்மென்ட், ஹரியானாக்காரன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். தராசில் தொண்ணூற்றேழு. குழந்தைவேலுவுக்கு முப்பத்தைந்து வயது, தண்ணீரோடு சேர்த்து எண்பத்திரண்டு. நான் அவரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"டாக்டர்ட்ட தோள்பட்ட வலின்னு சொல்லிரும்வே. எட்டுப் பட்டத்தோட மரியாதையா எறங்கிருவோம்."

"இவன் வருவான்னுதான சார் எட்டு வருஷமா நின்னுக்கினு இருந்தன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை விலக்கி ஏறிவிட்டார்.

இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். ரெஃப்ரி எண்ண எண்ண, அவசரமில்லாமல், படுக்கையிலிருந்து எழுகிறவர்போல் எழுந்தார். மூன்றாவது ரவுண்டு முழுக்க நின்றார், திருப்பியும் கொடுத்தார். காங்கை இரண்டு விநாடி முன்னதாகவே அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அடிக்கவில்லை. ஐந்து ஜட்ஜும் அந்தப் பையனுக்கே எழுதினார்கள்.

உதடு கிழிந்து ரத்தம் வழிய என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், மெய்யாவே ஒருத்தன் இருந்தான் சார்!"

4. நோட்

முதலில் நான் எழுதியது: எட்டு முறை சாம்பியன், ஒரே ஒரு தோல்வி. ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்த ஆபீசரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் சோப்ரா சாகிப் காதில் ஏற்கெனவே யாரோ ஊதியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஏன் அப்படிக் கேட்கிறார்? நாளைக்கு வாக் ஓவர் விவரம் வெளியே வந்தால், ஆளில்லாத பிரிவில் பதுங்கிப் பட்டம் வாங்கியவன் என்ற பெயர் குழந்தைவேலுவுக்குத்தான். பதுக்கி வைத்தவன் பத்திரமாக இருப்பான்.

லஞ்ச் நேரத்தில் வெயில் வந்தது. எல்லோரும் புல்வெளியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் அந்தத் தூசி இறங்குகிறது, அந்தக் கால் பின்வாங்குகிறது. லைட் ஹெவியில் விட்டிருந்தால் இவர் எத்தனை பேரோடு ஆடியிருப்பார், எத்தனை ஜெயித்திருப்பார்? இனி யாருக்கும் தெரியாது. ஒரு டிராஃபிக்காக ஒரு மனிதனின் எட்டு வருஷத்தை நான் குழாயடியில் தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

"பட்டங்கள் எட்டு. எட்டும் வாக் ஓவர். இவர் இயல்பான எடைப்பிரிவு இதுவன்று. என் யோசனைப்படி தண்ணீர் குடித்து எடை கூட்டப்பட்டது. அவர் இறங்கக் கேட்டும் விடவில்லை. ஆடியது ஒரு ஆட்டம். பதினைந்து கிலோ கூடுதலான எதிராளியிடம் விழுந்து, எழுந்து, மூன்று ரவுண்டும் நின்று தோற்றார். அந்த ஆட்டத்தின் பேரில் பரிந்துரைக்கிறேன்."

சோப்ரா சாகிப் கூப்பிட்டார். "சண்முகம்ஜி, தன் மேலேயே புகார் எழுதிய குமாஸ்தாவை இந்தப் பில்டிங்கில் நான் பார்த்ததில்லை" என்று இந்தியில் சொன்னார். பிறகு, "அந்த ஃபைட் நன்றாக இருந்ததா?" என்றார்.

"பஹுத் அச்சா தா, சாப்."

கோச் வேலைக்கு அன்றே கையெழுத்தானது. எனக்குக் கண்டித்து ஒரு மெமோ. ஸ்டாப்வாட்சையும் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

காரியம் முடிந்த ஃபைல் தைப்பதற்குப் போகும். தைக்கிறவர் குழந்தைவேலு. அந்த யோசனை எனக்கு முன்பே வரவில்லை. மறுநாள் ஊசியும் நூலுமாக என் மேஜைக்கு வந்து நின்றார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"எனுக்குச் சரியா வெளங்கல சார். நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

சொன்னேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்ப எட்டும் போச்சா சார்?"

"போச்சுவே. நான்தான் கெடுத்தேன்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தோத்தத எழுதிக்கீறீங்களா? மூணு ரவுண்டும் நின்னன்னு?"

"எழுதிருக்கேன். இந்தா, இந்த வரி."

அந்த வரியில் விரலை வைத்து ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு ஓட்டை போடும்போது அந்த எழுத்துகளில் ஊசி படாமல் தாளை ஒரு விரற்கடை தள்ளி வைத்துத் தைத்தார்.

நோட் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரை மதிப்பிடச் சொன்னால், அவர் எங்கே நின்றார் என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று பாருங்கள். அது நீங்களாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நான் ஒன்பது வருஷம் கழித்து எழுதினேன். ஸ்டாப்வாட்சைப் புதுக் கோச் குழந்தைவேலுவின் கையில் கொடுத்தபோது அவர் அதை அழுத்திக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மூணு நிமிஷம் ரொம்ப நேரம் சார்" என்றார்.