வல்லை வெளியில் நின்ற பஸ்

இராசநாயகம் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற மினி பஸ் ஒன்றின் சாரதி. ஐம்பதைத் தாண்டிய மனிதர். நெற்றியில் திருநீறு அழிந்து நான் கண்டதில்லை, அந்த நாட்களில் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலக் கதைத்தும் கண்டதில்லை. நான் கரவெட்டிக்காரன். நல்லூரில் ஒரு ரியூஷன் நிலையத்தில் படிப்பிக்கிறேன். நெல்லியடியில் ஏறி, இடம் கிடைத்தால் அவருக்குப் பின் சீற்றில் இருப்பேன். எங்கள் மினி பஸ்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாட்டைப் போட்டுக் காதைச் செவிடாக்குவார்கள், பின்னால் அரசாங்கத்தின் சி.ரி.பி. பஸ் வருகிறது என்று கண்டால் எங்களையும் சேர்த்துப் பலி கொடுக்கத் தயாராகிவிடுவார்கள். இராசநாயகம் அந்த ரகமில்லை. அதனால் பிந்தினாலும் பரவாயில்லை என்று அவருடைய பஸ்ஸுக்காகக் காத்து நிற்பேன்.

நெல்லியடியை விட்டால் வல்லை வெளி. இரண்டு பக்கமும் தண்ணீரும் உவர் நிலமும்தான், வீடு வாசல் இல்லை. காற்று பஸ்ஸைப் பிடித்துத் தள்ளும். தெருவோரத்தில் முனியப்பர் இருக்கிறார். அவசரமில்லாத வாகனங்கள் நின்று கற்பூரம் கொளுத்திப் போகும். அவசரக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டபடி பறப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, அந்த வெளியில் ஒரு லொறி இன்னொன்றை முந்திக்கொண்டு எங்களுக்கு நேர் எதிரே வந்தது. இராசநாயகம் இடப் பக்கம் வெட்டினார். பஸ் தெருவை விட்டு இறங்கி, சேற்றில் சரிந்து நின்றது. நான் உள்ளே இருந்தேன். இன்றைக்கு இதை எழுத உயிரோடு இருப்பது அவருடைய புண்ணியம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த கொண்டக்டர் கோகுலன் சேற்றில் விழுந்து எழும்பினான். சிராய்ப்புக்கு மேலே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சனம் இராசநாயகத்தின் கையைப் பிடித்து அழுதது, பஸ் முதலாளி மாலை போட்டார். முனியப்பர் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்படி நல்லபடியாக முடிந்த ஒன்றுக்காக ஒரு மனிதன் நோயாளியாவான் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் ஆனார். வல்லை கிட்ட வரும்போது உள்ளங்கை வியர்க்கும், கழுத்து விறைக்கும், காது அடைக்கும். வீட்டில் குக்கர் விசிலடித்தால் துள்ளி எழும்புவார். மனைவி குணலட்சுமி சாப்பாட்டுக் கோப்பையைச் சத்தமாக வைத்தாலே எரிந்து விழுவார். நித்திரை போயிற்று. நரம்புத் தளர்ச்சி என்று யாரோ சொல்ல, டொனிக் போத்தல்களை வாங்கிக் குடித்தார். கோகுலனுக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. லொறி வந்த அன்று நேரம் பிந்திவிட்டதென்று முனியப்பரிடம் நிற்காமல் வந்துவிட்டோம், அந்தக் கோபம்தான் இது என்றான். அன்று முதல் ஒவ்வொரு பயணத்திலும் லொறி வந்த இடத்துக்குக் கிட்ட, முனியப்பருக்கு முன்னால் பஸ் நிற்கும். கோகுலன் இறங்கி ஓங்கி ஒரு சிதறுதேங்காய் அடிப்பான். தேங்காய் வெடிக்கிற சத்தத்தில் இராசநாயகத்தின் தோள்கள் தூக்கிப் போடும். நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு வருத்தம் கூடக் கூட, கோகுலன் தேங்காயைக் கூட்டினான்.

ஒருநாள் வெறும் தெருவில், எதிரே ஒன்றுமே வராதபோது, அவர் பிறேக்கை மிதித்துவிட்டார். நின்றுகொண்டு வந்த ஒரு வயதான மனுசி விழுந்து வாய் அடிபட்டுச் சொண்டு கிழிந்தது. சீற்றில் இரத்தம். மனுசி ஏசவில்லை, நாய் ஏதும் குறுக்கே வந்திருக்கும் என்று தானே சமாதானம் சொன்னார். இராசநாயகத்துக்கு அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. அடுத்த முறை யாருடைய தலை? முப்பது வருடமாகச் செய்கிற ஒரே தொழில் அது. அதை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது.

நெல்லியடி டொக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு பழுதும் இல்லை, மந்திகை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றார். இராசநாயகம் இடிந்துபோனார். எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பைத்தியம் என்று ஏச வேண்டுமானால் மந்திகைக்குக் கொண்டுபோ என்றாலே போதும். காய்ச்சலும் பிள்ளைப்பேறும் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே, அந்தத் தரிப்பிடம் வந்ததும், "மந்திகை, மந்திகை, கழண்ட ஆக்கள் இறங்குங்கோ" என்று கோகுலன் நாள்தோறும் கூவுவான், பஸ் சிரிக்கும். சாரதி சிரித்ததில்லை, நிறுத்தச் சொன்னதுமில்லை.

போகமாட்டேன் என்று நின்றவரைக் குணலட்சுமிதான் அசைத்தார். நீங்கள் போகாவிட்டால் நான் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுவேன் என்றார். அந்த மனுசி சொன்னால் செய்வார். இராசநாயகம் மோட்டார் சைக்கிளில் போனார், முகத்தை மூடுகிற ஹெல்மெட்டோடு. ஆஸ்பத்திரி வாசலில் கழற்றவில்லை, வரிசையில் கழற்றவில்லை, உளவளத்துணையாளரின் அறைக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் கழற்றினார். பின்னாளில் எனக்கு அவரே சொல்லிச் சிரித்தது இது. அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அறையில் இருந்த உளவளத்துணையாளர் கஜந்தினிக்கு, இராசநாயகத்தின் மகளாக இருக்கக்கூடிய வயது. லொறிக் கதையை இப்போது சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு காலும் நிலத்தில் படுகிறதா, முதுகு கதிரையில் படுகிறதா என்று பார்க்கச் சொன்னார். சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொன்னார். அறையில் கண்ணுக்குத் தெரிகிற பொருட்களைப் பெயர் சொல்லச் சொன்னார். இதென்ன பாலர் வகுப்பு என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் தோள் கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகு கஜந்தினி சொன்ன ஒரு வசனத்தை அவர் இன்றைக்கும் அப்படியே சொல்லுவார்.

"ஐயா, பஸ் அண்டைக்கே நிண்டிட்டுது. உங்கடை உடம்புதான் இன்னும் பிறேக்கிலையிருந்து காலை எடுக்கேல்லை."

ஆபத்து வந்தால் உடம்பு அறிவைக் கேட்டுக்கொண்டு நிற்காது, தானே முந்திக்கொள்ளும், அப்படி முந்தியதால்தான் பஸ்ஸில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று விளக்கினார். ஆபத்து போய்விட்டது என்ற செய்தி சில உடம்புகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. புத்திமதி சொல்லி அதைச் சேர்ப்பிக்க முடியாது. மூச்சாலும் காலாலும் கண்ணாலும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்கே பழக்க வேண்டும். முனியப்பரை அவர் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நாள்தோறும் ஒரு வெடிச் சத்தத்தோடு நிற்பது உடம்புக்கு என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். கொஞ்சக் காலம் பஸ் ஓட்டவும் வேண்டாம் என்றார்.

முழங்கால் வருத்தம் என்று முதலாளியிடம் பொய் சொல்லி இராசநாயகம் லீவு எடுத்தார். கிளினிக்குக்குத் தவறாமல் போனார். பிறகு கஜந்தினி சொன்னபடி, வேறு பஸ்ஸில் குணலட்சுமியோடு வல்லையைக் கடந்தார். அவருடைய பிடியில் முதல்நாள் மனைவியின் கை கன்றிப்போனதாம். கொக்கு நிற்கிறது, வலை காய்கிறது, பாலம் வருகிறது என்று தெரிவதையெல்லாம் மனுசி காதுக்குள் சொல்லிக்கொண்டே போனார். மாதங்கள் போயின. நித்திரை திரும்பியது, குக்கர் வெறும் குக்கராயிற்று. ஓட்டலாம் என்றார் கஜந்தினி, ஒரு நிபந்தனையோடு: உடம்பு தொடங்கினால் உடனே ஓரங்கட்ட வேண்டும். மினி பஸ்காரனுக்கு அதைவிடக் கடினமான நிபந்தனை கிடையாது. நடுத்தெருவில் காரணமில்லாமல் நின்றால் சனம் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு மாறிவிடும், நாளைக்கு முதலாளியும் வேறு சாரதிக்கு மாறிவிடுவார்.

திரும்பி வந்த வாரமே அது நடந்தது. மார்கழிக் காற்று. பஸ் நிறையச் சனம். பின்னால் சி.ரி.பி. ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. போ போ என்று கோகுலன் தகரத்தில் தட்டினான். வெளியின் நடுவில், தூரத்தே, ஒரு லொறி தெரிந்தது. அது தன் பாட்டில் தன் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் இராசநாயகத்தின் கழுத்து விறைப்பதை நான் கண்டேன். கை ஸ்டியரிங்கை இறுக்கியது. கத்தினால் இன்னும் கெடுக்குமோ என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். பஸ் ஒருமுறை உலைந்தது. பிறகு மெதுவாக, சிக்னல் போட்டு, ஓரத்தில் நின்றது. ஹேண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு அவர் கைகளை மடியில் வைத்தார்.

லொறி போயிற்று, சி.ரி.பி.யும் போயிற்று. ஏன் நிற்கிறோம், கந்தோர் வேலைக்கு நேரமாகிறது என்று பின்னால் சத்தம் எழும்பியது. கோகுலன் தேங்காயோடு பாய்ந்து இறங்கப் போனான். அவர் அவனை விட்டிருக்கலாம். முனிக்கு நின்றோம் என்று சனம் திருப்திப்பட்டிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"தேங்காயை வை, கோகுலன்," என்றார். "நான் முனிக்கு நிக்கேல்லை. எனக்கு நெஞ்சு படபடக்குது. லொறி வந்த நாளிலையிருந்து இருக்குது. மந்திகையிலை காட்டிறன். கொஞ்சம் ஆறட்டும், போவம்."

எல்லோரும் பார்க்கும்படி அவர் மூச்சை நீளமாக வெளியே விட்டார், திரும்பத் திரும்ப. தோள் இறங்கும்வரை நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் திட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் இருந்தோம். பிறகு அவர் கியரைப் போட்டு, தன் வேகத்தில், எங்களை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, பஸ்ஸைச் சேற்றில் இறக்கிக் காப்பாற்றிய அன்றுகூட வரவில்லை.

சனம் இறங்கி முடிந்தது. கோகுலன் மட்டும் தேங்காயை மடியில் வைத்தபடி முன் சீற்றில் இருந்தான். நான் குடையைத் தேடுகிற சாட்டில் நின்றேன்.

"அண்ணை," என்றான், "மிதிபலகையிலை நிண்டவன் நான்தானே. அந்த இடம் வரேக்கை எனக்கும் கை விறைக்கும். தேங்காய் அடிச்சால்தான் விடும். வீட்டிலை பிள்ளையைத் தூக்கவே பயமாக்கிடக்கு. மந்திகையிலை என்னையும் பாப்பினமோ?"

இராசநாயகம் சாரதி சீற்றிலிருந்து எழும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஓம், பாப்பினம். புதன்கிழமை கிளினிக். வா, ரெண்டு பேருமாப் போவம்."

புதன்கிழமை இருவரும் லீவு போட்டு, ஹெல்மெட் இல்லாமல், வேறொரு மினி பஸ்ஸில் போனார்கள். அந்த பஸ்ஸின் கொண்டக்டரும் மந்திகைத் தரிப்பிடத்தில் அதே பகிடியைத்தான் விட்டான். சனம் வழக்கம்போலச் சிரித்தது. கோகுலன் முதலில் எழும்பி இறங்கினான்.