குதிகாலில் ஊசி, நாக்கில் இனிப்பு

மல்லிகா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒன்றாய்க் காத்துக்கிடந்த அம்மாக்களான நம் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நெஞ்சுவலி. பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். படித்ததும், தூங்கிக்கொண்டிருந்த மகளின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

குறைமாதத்தில் பிறந்தவள். இரத்தப் பரிசோதனைக்காக அடிக்கடி குதிகாலில் குத்துவார்கள். முதல்முறை அவள் சத்தமே போடவில்லை.

"அழல சிஸ்டர். வலிக்கல போல" என்றேன், அங்கே நர்ஸாக இருந்த மல்லிகா சிஸ்டரிடம்.

"அழத் தெம்பு இல்லம்மா. நெத்தியப் பாரு, சுருங்குது. வெரலு விரிஞ்சு நிக்குது. அதான் அவ அழுகை."

வெளியே ஓடப் பார்த்தேன். விடவில்லை. "வெளிய போயி என்ன பண்ணப் போற? கையக் கழுவிட்டு வா." என் ஒரு உள்ளங்கையை அவள் தலையிலும், மற்றொன்றை மடக்கிய கால்களின் மேலும் வைக்கச் செய்தார். "தடவாத, கூசும். சும்மா வச்சிரு."

அவசரப்பட்ட இளம் டாக்டரிடமும் அப்படித்தான். "கொஞ்சம் பொறுங்க சார், புள்ள அடங்கட்டும். உங்களுக்குத் தடுப்பூசி போட்டப்ப கண்ண மூடிக்கிட்டு என் கையப் புடிச்சீங்களே. இவளுக்கு ஒரு கை வேணாமா?" டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியோடு நின்றார்.

எங்கள் மீன்சுருட்டிப் பக்கம், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை வைப்பது சேனை. யார் வைக்கிறாரோ அவர் குணம் வரும் என்பார்கள். குத்துவதற்கு முன் சிஸ்டர் மகளின் நாக்கில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டுவதை என் மாமியார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். சிஸ்டர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"சேனை வைக்க எம் பெரியவன் பஸ் ஏறிட்டான். அதுக்குள்ள யாரக் கேட்டு வச்ச?"

"சேனை இல்லீங்கம்மா. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. நாக்குல இனிப்புப் பட்டா குத்துற வலி மட்டுப்படும்."

"உன் கொணம்ல வரும்?"

"வந்தா வரட்டும். கொஞ்சம் வாயாடுவா, அவ்ளோதான்."

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்று மகள் கத்தி ஊரைக் கூட்டும்போதெல்லாம், "சும்மாவா, சிஸ்டர் வச்ச சேனை" என்று தெருவெல்லாம் பெருமையடிக்கிறார்.

போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. நல்ல கூட்டம். "புள்ளைய நீட்டும்மா" என்றார் நர்ஸ்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். பால் குடிக்க ஆரம்பிச்சுரட்டும், அப்பறம் போடுங்க."

யாரிடமும் எதிர்த்துப் பேசாதவள் நான். வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். நர்ஸ் பொறுத்தார். மகள் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கிய பிறகே ஊசி இறங்கியது. வீலென்று ஒரு கத்து, மறுபடி பால்.

மல்லிகா சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த "கொஞ்சம் பொறுங்க"தான். நம் குழுவில் உங்களில் பலரிடமும் அது இருக்கும். சத்தமாகவே சொல்லுங்கள்.