கடற்பக்கம் போன கதிரைகள்

காலை ஏழரைக்கு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கினேன். இரவெல்லாம் ஜன்னலில் காடு ஓடியது. விடிந்தபோது வாவி, வெயிலை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. போர் முடிந்து இரண்டாவது ஆடி.

செட்டிபாளையம் தெற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஆட்டோ எண்ணூறு ரூபா. ஓட்டுநர் காத்தான்குடிக்காரர்.

"அங்க என்ன விசேஷம் சேர்?"

"ஒரு கொம்பனி அலுவலகம் கட்டுது."

"கண்ணாடியிலயா? இந்தக் கச்சானுக்கு உள்ள இரிக்கிறவங்க அவிஞ்சி போவாங்களே!"

கச்சான், இந்த மாதங்களில் மேற்கிலிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வரும் காற்று. வழியெல்லாம் அது எங்கள் முகத்தைத் தின்றது.

கட்டடக் கலைஞரான என் சிநேகிதி சிவரூபி சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே நின்றாள். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் பழைய நெல் களஞ்சியம். அதை அலுவலகமாக்கி, வாவிப் பக்கம் எல்லோரும் கூடியிருக்க மரங்களோடு ஒரு முற்றம். இது அவள் கனவு. கொம்பனிப் பணிப்பாளருக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். ஆகவே ஒரு பந்தயம்: ஊழியர்கள் இன்று இங்கே வந்து வேலை செய்வார்கள். இரண்டு மணிக்கு வெளியே ஆள் இருந்தால் முற்றம், இல்லாவிட்டால் கார்.

"கடற்பக்கம் வைத்தால் என்ன?" என்றேன்.

குரலைத் தாழ்த்தினாள். "இவங்கள்ல பாதிப் பேர சுனாமி அடிச்ச, அண்ணன். சோறு தின்னக்குள்ள கடலப் பாத்துட்டு இரிக்கச் சொல்ல ஏலுமா?"

பத்து மணிக்கு வாவிப் பக்கத் தென்னங்கிடுகுப் பந்தலின் கீழ் மடிக்கணினிகளும் சிரிப்பும் நிறைந்திருந்தன. நண்பகலில் கச்சான் ஏறியது. காகிதங்கள் பறந்தன.

இரண்டு மணிக்குப் பணிப்பாளரோடு போனோம். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை மட்டும் மல்லாந்து கிடந்தது.

"முடிஞ்சுது, ரூபி," என்றார் பணிப்பாளர்.

அப்போதுதான் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து கொல்லென்று ஒரு சிரிப்பு. சுற்றிக்கொண்டு ஓடினோம். நீண்ட கட்டடத்தின் நிழலில் அத்தனை கதிரைகளும்! கடற்காற்று இறங்கியிருந்தது; ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துவிடுவது போல.

"இஞ்ச வாங்க மிஸ்! அங்க கச்சானுக்குள்ள இரிக்க ஒண்ணா," என்று கணக்காளர் பவளம் கைகாட்டினார். தம்பியை அலையில் பறிகொடுத்தவர்.

"உங்களுக்கு, கடல்..." சிவரூபி பாதியில் நிறுத்தினாள்.

"கடலோட நான் இன்னும் கதைக்கிறல்ல மிஸ். பாருங்க, முதுகக் காட்டிட்டுத்தான் இரிக்கன். காத்த மட்டும் வாங்கிக்கிறன்."

"முற்றத்தில ஆளில்லையே?" பணிப்பாளர் விடவில்லை.

"ஆள் இரிக்கிற இடந்தானே சேர் முற்றம்?" என்றார் பவளம். "கார அங்கால விடுங்க. அதுக்கு வேர்க்காது."

இடி போலச் சிரிப்பு. பணிப்பாளர் வாவிப் பக்கம் போய், மல்லாந்த கதிரையைத் தாமே தூக்கி வந்து உட்கார்ந்தார்.

கொழும்பில் நான் வேலைசெய்யும் அறை ஜன்னலைத் திறக்க முடியாது. ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தும் எனக்குக் கிளம்ப மனமில்லை. சிவரூபி செருப்பால் பழைய கோடுகளை அழித்து, கடற்பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தாள்.

"ஆக்கள் இரிக்கிற வாங்கெல்லாம் எந்தப் பக்கம் பாக்கப் போடுற, பவளம்?"

பவளம் யோசித்தார்.

"முதுகுச் சாய்வு வைக்காம போடுங்க மிஸ். ஒரு நாளைக்கு நான் திரும்பி இரிந்தாலும் இரிப்பன்."