சூடு ஆறாத பன்னிரண்டு பாட்டில்

ஜாம் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற அக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. அங்கேயே மூடி தட்டிப் பார்க்கிற அவள் தம்பி, ஒன்பது வருஷத்தில் ஒரு ஓட்டைப் பாட்டிலைக்கூடத் தப்ப விட்டதில்லை.

ஜாமைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடுவார்கள். ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். வெளிக்காற்று மூடியை அழுத்தி நடுவில் குழி விழவைக்கும். குச்சியால் தட்டினால் நல்ல மூடி 'டிங்' என்னும், காற்று புகுந்த மூடி 'டொக்' என்னும். வேலை அவ்வளவுதான். காது மட்டும் வேண்டும்.

தம்பிக்கு இரண்டு வருஷமாகக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஒப்புக்குத் தட்டிவிட்டு, கட்டைவிரலால் குழியைத் தடவிப் பார்த்தே சமாளித்தான். அதிலும் பிசகியதில்லை.

சூப்பர்வைசருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அப்போதுதான் மூடிய பன்னிரண்டு பாட்டிலை வரிசையாக வைத்தார். ஒன்றுக்கு மட்டும் உள்ரப்பர் கிழிந்த மூடி.

"எது ஓட்டைன்னு சொல்லு. தெரியலேன்னா வீட்டுக்குப் போயிடு."

தம்பி அவர் உதட்டையே பார்த்தான். பிறகு விரலை வைத்தான். சுட்டது. மூடிகள் அரைகுறையாகத்தான் குழிந்திருந்தன. காதுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

"ஆறட்டும் சார். ரெண்டு மணி நேரம் குடுங்க."

"ஏன், பாட்டிலுக்கு விசிறி விடணுமா? தட்டுப்பா."

தட்டினான். பத்தடி தள்ளி நின்ற அக்காவுக்கு மூன்றாவது பாட்டில் 'டொக்' என்று கேட்டது. தம்பி நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தான். சூப்பர்வைசரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிளைப் பிடித்திருந்த அவள் கை அசையவில்லை.

"ஏழாவது" என்றான் தம்பி.

நாலு மணிக்குப் பாட்டில்கள் ஆறின. பதினோரு மூடி குழிந்து, மூன்றாவது மட்டும் மட்டமாக நின்றது.

"இப்பத் தடவச் சொல்லுங்க சார். கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவான்" என்றாள் அக்கா.

"இப்ப என் மாமியாரே சொல்லிடுவாங்கம்மா. போய் லேபிளை ஒட்டு."

வாசலில் சாப்பாட்டுப் பையோடு தம்பி உட்கார்ந்திருந்தான். அவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதை அக்கா எப்போதோ விட்டுவிட்டாள். சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றாள்.

"எது ஓட்டை, அக்கா?" என்றான்.

மூன்று விரலைக் காட்டினாள்.

"அப்பவே கேட்டுச்சா உனக்கு?"

அவள் தலையாட்டினாள். அவன் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அந்த முதுகிடம் அவள் ஏதோ சொன்னாள்.