லாபத்தால் பெருக்கினால்

எழுதிப் பழகாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணக்கைப் பற்றிச் சொல்லத் தகுதியில்லை. என் மனைவி கணக்குப் படித்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க ஆள் கேட்டார்கள். எட்டாவது தேறியிருக்க வேண்டுமாம். அவள் ஏழோடு நின்றவள். தனித்தேர்வு எழுதியதில் கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடியும் போனால் வேலை வேறு ஆளுக்கு.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் விதைநெல்லை மரக்காலால் அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டே ஒப்பித்தாள். புத்தகம் என் கையில்.

"பரிமாற்றுப் பண்புன்னா என்ன?"

"கூட்டல்ல இடத்த மாத்துனாலும் விடை மாறாது. நான் ஒங்க வீட்டுக்கு வந்தாலும் நீங்க எங்க வீட்டுக்கு வந்தாலும் குடும்பம் ஒண்ணுதான்."

"அப்ப நானே அங்கன வந்திருக்கலாமுல்ல?"

"எங்க அய்யா கழிச்சு விட்டுருப்பாரு. கழித்தல்ல இடம் மாத்த முடியாது."

"சரி, கூட்டல் சமனி?"

"பூச்சியம். ஒங்க தம்பி மாதிரி. வயலுக்கு வந்தாலும் வராட்டியும் வேலை அதே அளவுதான்."

"பெருக்கல் சமனி?"

புதுச் சாக்கில் முதல் மரக்காலைக் கொட்டிக்கொண்டிருந்தவள், "லாபம்" என்றாள். "எந்த எண்ணையும் லாபத்தால பெருக்குனா அதே எண்ணுதான்."

நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் ஒன்று என்று சொல்வதில்லை, சொன்னால் நெல் குறைந்துபோகும் என்று ஒரு பயம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒண்ணுமே கூடல, அது என்ன புள்ள லாபம்?"

"நம்ம வெள்ளாமையில என்னைக்குக் கூடியிருக்கு?" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சட்டென்று முகம் வாடியது. "நாளைக்கு எழுதுறப்பவும் இப்படியே வந்துருமோ?"

நான் அந்தச் சாக்கைக் கவிழ்த்தேன். மரக்காலை வாங்கி நிறைய அள்ளிக் கொட்டி, "ஒண்ணு" என்றேன்.

"ஏங்க! நெல்ல வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது!"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். "கொறைஞ்சா கொறையட்டும். நீயும் சொல்லு."

நெல்லைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மெல்ல, "ஒண்ணு" என்றாள்.

மறுநாள் தேர்வு எழுதிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் வந்தாள். பெருக்கல் சமனிக்கு ஒன்று என்று எழுதியதாகவும், வேறு இரண்டு கணக்குகளை விட்டுவிட்டதாகவும் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.